ஆடித் தள்ளுபடி அன்று தளம் விழுந்தது: பெரிய ஹோஸ்டிங் பிளானுக்கு மாறினால் சரியாகுமா?

கேள்வியின் சுருக்கம்: ஈரோட்டில் துணிக்கடை. வேர்ட்பிரஸ் மென்பொருளிலும் அதன் கடை நீட்சியான வூகாமர்ஸிலும் ஆன்லைன் விற்பனை. சுமார் 600 பொருட்கள். ஆண்டுக் கட்டணத்தில் ஷேர்டு ஹோஸ்டிங் (ஒரே சர்வரைப் பல தளங்கள் பங்கிடும் வகை). ஆடித் தள்ளுபடி அறிவிப்பை வாட்ஸப்பில் 3,000 பேருக்கு அனுப்பிய பத்து நிமிடத்தில் தளம் விழுந்தது. இரண்டு மணி நேரம் கழித்துத் தானாகவே எழுந்தது. இதற்கு முன்பும் இரண்டு முறை விழுந்திருக்கிறது. ஹோஸ்டிங் நிறுவனம் மூன்று மடங்கு விலையுள்ள பிளானுக்கு மாறச் சொல்கிறது. தீபாவளிக்குள் மாறிவிடலாமா?

இன்னும் பணம் கட்டாதீர்கள். சர்வரில் உங்களுக்கென்று ஒதுக்கிய திறன் போதாமல் போனால் மட்டும்தான் பெரிய பிளான் உதவும். தளம் விழ வேறு நாலைந்து காரணங்கள் உண்டு, அவற்றுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மூன்று முறையும் ஒரே காரணத்தால்தான் விழுந்தது என்றும் சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு முறையும் திரையில் என்ன வந்தது என்று முதலில் கண்டுபிடியுங்கள். யாராவது ஒரு வாடிக்கையாளர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருப்பார், வாட்ஸப்பில் தேடிப் பாருங்கள். திரையில் வந்த எண்ணே பாதி விடை.

தளத்தின் பெயரையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று பிரவுசர் சொன்னால், யாரும் சர்வர் வரை போகவே இல்லை. டொமைன் (தளத்தின் பெயர்) காலாவதியாகியிருக்கும், அல்லது டிஎன்எஸ் பதிவில், அதாவது பெயரைச் சர்வரின் முகவரியோடு இணைக்கும் பட்டியலில், கோளாறு. டாட் காம் டொமைன் காலாவதியானதும் உடனே கைவிட்டுப் போய்விடாது. டொமைனை விற்ற நிறுவனமான ரிஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள் வரை வழக்கமான விலையில் புதுப்பிக்கலாம். அதன்பின் 30 நாள் மீட்புக் காலம், கட்டணம் பல மடங்கு. அதற்குப் பின் 5 நாளில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றாகிவிடும். ஆனால் காலாவதியான ஓரிரு நாளிலேயே தளத்தை நிறுத்திவிடும் ரிஜிஸ்ட்ரார்கள் உண்டு. பலருக்குத் தெரியாத இன்னொன்று: டாட் காம் டொமைனைப் புதிதாக வாங்கும்போதோ உரிமையாளர் விவரத்தை மாற்றும்போதோ ஒரு சரிபார்ப்பு மின்னஞ்சல் வரும். அதை 15 நாளுக்குள் சொடுக்கி உறுதிசெய்யாவிட்டால், டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் விதிப்படி டொமைன் முடக்கப்படலாம். பணம் கட்டிய டொமைன் காரணமே இல்லாமல் நின்றுபோனால், அந்த மின்னஞ்சலை ஸ்பேம் பெட்டியில் தேடுங்கள்.

இணைப்பு பாதுகாப்பானதல்ல என்ற எச்சரிக்கை வந்திருந்தால் தளத்தின் இணைப்பை மறையாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ் காலாவதி. லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ் 90 நாள்தான் செல்லும். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு எங்காவது உடைந்திருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் நினைவூட்டல் மின்னஞ்சல் அனுப்புவதை அவர்கள் 2025 ஜூனோடு நிறுத்திவிட்டார்கள். விலைக்கு வாங்கும் சான்றிதழ்களின் ஆயுளும் குறைகிறது: 2026 மார்ச் 15 முதல் அதிகபட்சம் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். ஆண்டுக்கு ஒருமுறை கையால் ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தை இப்போதே விட்டுவிடுவது நல்லது.

500 என்ற எண் வந்தால் பெரும்பாலும் நிரலில் பிழை. புதிதாக ஏற்றிய பிளகின் (கூடுதல் வசதிக்கான நிரல்), அப்டேட் ஆன தீம் (தளத்தின் தோற்றம்), அல்லது ஹோஸ்டிங்காரர் வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியின் பதிப்பை மாற்றியதில் பழைய பிளகின் ஒன்று உடைந்தது. சர்வர் கோப்புகளைத் திறக்கும் எஃப்டிபி வழியாகப் போய் அந்த பிளகினின் ஃபோல்டர் பெயரை மாற்றினால் தளம் திரும்ப வந்துவிடும். பராமரிப்புக்காகச் சற்று நேரம் நிறுத்தப்பட்டுள்ளது என்ற வேர்ட்பிரஸ் செய்தி போகாமல் நின்றால், அப்டேட் பாதியில் அறுந்திருக்கிறது. தளத்தின் மூல ஃபோல்டரில் புள்ளியோடு தொடங்கும் 'மெயின்டனன்ஸ்' என்ற கோப்பு இருக்கும். அதை அழித்தால் போதும்.

டேட்டாபேஸ் இணைப்பை ஏற்படுத்த முடியவில்லை என்று வந்தால் டேட்டாபேஸ் நிரலான மைஎஸ்கியூஎல் நின்றிருக்கிறது, அல்லது டிஸ்க் நிரம்பியிருக்கிறது. டிஸ்க் நிரம்பக் காரணம் பெரும்பாலும் அதே கணக்கில் குவிந்திருக்கும் பேக்கப் கோப்புகள்தான். பாதுகாப்புக்கென்று எடுத்து வைத்ததே தளத்தை நிறுத்திவிடும். இடம் மிச்சம் இருந்தும் கோப்பு எழுத முடியவில்லை என்றால் ஐநோடு எண்ணிக்கையை, அதாவது கோப்புகளின் எண்ணிக்கையை, பாருங்கள். அன்லிமிடெட் என்று விற்கும் பிளானிலும் இத்தனை கோப்புகளுக்கு மேல் கூடாது என்ற வரம்பு ஒளிந்திருக்கும்.

503, 504, 508 மூன்றும் கூட்டத்தின் அடையாளம். செய்தி அனுப்பிய பத்தாவது நிமிடத்தில் விழுந்து, கூட்டம் கலைந்ததும் தானாக எழுந்தது என்றால், ஆடித் தள்ளுபடி அன்று நடந்தது இதுவாகத்தான் இருக்கும். ஆனாலும் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ஹோஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பக்கமான சிபேனலில் ரிசோர்ஸ் யூசேஜ் என்ற பகுதியைத் திறந்து அந்தத் தேதியின் வரைபடத்தைப் பாருங்கள். கிளவுட்லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும் சர்வர்களில் ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனி உச்சவரம்பு உண்டு: சிபியு, நினைவகம், டிஸ்க் வேகம், என்ட்ரி பிராசஸ். எது வரம்பை இடித்தது என்று ஃபால்ட்ஸ் என்ற பத்தியில் எண்ணாகவே தெரியும். அன்றைக்கு அங்கே எல்லாமே பூஜ்யம் என்றால், விழுந்தது உங்கள் கணக்கு இல்லை, சர்வரே. அப்போது மேலே ஏறுவதை விட்டு, நிறுவனத்தையே மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

என்ட்ரி பிராசஸ் என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டால் மீதி முடிவுகள் எளிது. ஒரே நேரத்தில் எத்தனை பிஎச்பி பக்கங்கள் தயாராகிக்கொண்டிருக்கலாம் என்பதுதான் அது. கடையில் இத்தனை பில் கவுண்டர் என்பது போல. கிளவுட்லினக்ஸின் இயல்பு அளவு 20. உங்கள் பக்கம் ஒன்று தயாராக 2 விநாடி பிடித்தால், 20 கவுண்டரில் விநாடிக்கு 10 பக்கம்தான் வெளியே வரும். 3,000 பேரில் பத்தில் ஒருவர் ஒரே நிமிடத்துக்குள் இணைப்பைத் தொட்டார் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 300, அதாவது விநாடிக்கு 5. பக்கம் திறந்ததும் கூடையில் எத்தனை பொருள் என்று காட்ட தீம் இன்னொரு பிஎச்பி அழைப்பு அனுப்பும். பழைய தீம்களில் இது எல்லாப் பக்கத்திலும் நடக்கும். ஆக விநாடிக்கு 10. வரம்பைத் தொட்டாயிற்று. இதற்கு மேல் ஒரே ஒரு ஆள் வந்தாலும் வரிசை நீளும், பக்கம் தாமதமாகும், பொறுமை இழந்தவர்கள் ரிஃப்ரெஷ் அழுத்துவார்கள், ஒவ்வொரு அழுத்தமும் புதிய கோரிக்கையாகும். பத்து நிமிடத்தில் விழுந்தது இரண்டு மணி நேரம் எழாமல் கிடப்பது இதனால்தான்.

கணக்கை ஒருமுறை திருப்பிப் போடுங்கள். அதே 20 கவுண்டரில் பக்கம் 2 விநாடிக்குப் பதில் அரை விநாடியில் தயாரானால் விநாடிக்கு 40 பக்கம் வரும். பிளான் மாறவில்லை, விலை மாறவில்லை, கொள்ளளவு நான்கு மடங்கு. முதல் வேலை ஹோஸ்டிங்கில் இல்லை, தளத்துக்குள் இருக்கிறது.

கேச்சிங்கில் தொடங்குங்கள். பக்கத்தை ஒருமுறை தயாரித்து வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் அதையே கொடுப்பது. சர்வரில் லைட்ஸ்பீடு என்ற வெப் சர்வர் நிரல் இருந்தால் அவர்களுடைய இலவச பிளகினே போதும். முகப்பு, பொருள் வகை, பொருள் பக்கம் மூன்றும் சேமித்த பக்கமாகப் போனால் பிஎச்பி கவுண்டரில் நிற்பவர்கள் வாங்குகிறவர்கள் மட்டும்தான். கூடை, செக்அவுட், மை அக்கவுன்ட் ஆகிய மூன்றையும் ஒருபோதும் சேமிக்கக் கூடாது. ஒருவருடைய முகவரி இன்னொருவருக்குத் தெரியும் விபரீதம் அதில்தான் நடக்கிறது. நல்ல பிளகின்கள் தாமே விலக்கிவிடும் என்றாலும், இரண்டு செல்போனில் இரண்டு கணக்கில் நுழைந்து நீங்களே சோதித்துவிடுங்கள்.

அடுத்து ஆக்சஸ் லாக், அதாவது சர்வருக்கு வந்த ஒவ்வொரு கோரிக்கையின் பதிவு. அந்த நாளின் கோப்பை இறக்கி, எந்த முகவரிப் பக்கம் எத்தனை முறை அழைக்கப்பட்டது என்று எண்ணச் சொல்லுங்கள். பெரும்பாலான சிறு கடைகளில் வருகையில் கணிசமான பகுதி மனிதர்களே இல்லை. லாகின் பக்கத்திலும் வெளிச் செயலிகள் நுழையும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி கோப்பிலும் கடவுச்சொல் முயன்றுகொண்டிருக்கும் நிரல்கள். 'கூடையில் சேர்' இணைப்பை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகும் தேடல் ரோபோக்கள். நிறம், அளவு, விலை என்று ஃபில்டர்களைக் கலந்து கலந்து ஆயிரக்கணக்கான முகவரிகளை உருவாக்கித் திறப்பவை. கூடை இணைப்பை ஒரு ரோபோ தொட்டால் டேட்டாபேஸில் ஒரு செஷன் வரிசை புதிதாக எழுதப்படும், சேமித்த பக்கமும் அங்கே உதவாது. எக்ஸ்எம்எல்-ஆர்பிசியை மூடிவிடுங்கள் (வேர்ட்பிரஸ் செயலியும் ஜெட்பேக்கும் பயன்படுத்தாதவர்களுக்கு அது தேவையில்லை). ஃபில்டர் முகவரிகளையும் கூடை இணைப்பையும் ரோபோட்ஸ் கோப்பில் தடுங்கள். சொன்னால் கேட்காத ரோபோக்களுக்குக் கிளவுட்ஃபிளேர் போன்ற வடிகட்டும் சேவை ஒன்றை முன்னால் நிறுத்தி அங்கேயே திருப்பி அனுப்புங்கள்.

வேர்ட்பிரஸின் கிரான் வேலைகள், அதாவது குறித்த நேரத்தில் ஓட வேண்டியவை, யாராவது தளத்துக்கு வரும்போதுதான் ஓடும். கூட்டம் வரும் நேரத்திலேயே ஸ்டாக் ஒத்திசைவும் பேக்கப்பும் கிளம்பினால் என்ன ஆகும்? கான்ஃபிக் கோப்பில் அதை நிறுத்தி, சிபேனலின் கிரான் ஜாப்ஸில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்படி வையுங்கள். பேக்கப்பை அதிகாலை 3 மணிக்குத் தள்ளுங்கள். டேட்டாபேஸில் ஆப்ஷன்ஸ் அட்டவணையில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தானாக ஏற்றப்படும் பகுதி 800 கேபிக்கு மேல் போனால் சைட் ஹெல்த் பக்கம் எச்சரிக்கும். நீக்கிய பிளகின்கள் விட்டுப்போன குப்பைதான் அதில் அதிகம். குவெரி மானிட்டர் பிளகினை ஒரு மணி நேரம் மட்டும் போட்டு, எந்த பிளகின் எத்தனை விநாடி தின்கிறது என்று பார்த்துவிட்டு நிறுத்திவிடுங்கள். பிஎச்பி 7.4 இன்னும் ஓடினால் மாற்றுங்கள். அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன, 8 வரிசை வேகமும்கூட. செல்போனில் எடுத்த 4 எம்பி புடவைப் படங்களை 200 கேபிக்குள் சுருக்குங்கள். அது என்ட்ரி பிராசஸைக் குறைக்காது. ஆனால் மொபைல் டேட்டாவில் வருகிறவருக்குத் தளம் செத்தது போலத் தோன்றுவது அதனால்தான்.

இவ்வளவும் செய்து, ஒரு வாரம் கழித்தும் ஃபால்ட்ஸ் பத்தியில் எண் ஏறினால் பிளானை ஏற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

எதற்கு ஏறுவது? அதே நிறுவனத்தின் பெரிய ஷேர்டு பிளான் என்றால், எழுத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: என்ட்ரி பிராசஸ் எத்தனை, நினைவகம் எவ்வளவு. பல பிளான்களில் விலை ஏறும்போது டிஸ்க் இடமும் டொமைன் எண்ணிக்கையும்தான் கூடும், இந்த இரண்டும் அப்படியே இருக்கும். அப்படியானால் அது உங்களுக்கு வேண்டாத பொருள். விலையைக் கேட்கும்போது முதலாண்டு விலையை விட்டுவிட்டு ரினிவல் விலையை, 18 சதவீத ஜிஎஸ்டியோடு, மூன்று ஆண்டுக்குக் கூட்டிப் பாருங்கள். 99.9 சதவீதம் ஓடும் என்ற உறுதிமொழி மாதத்துக்கு 43 நிமிடம் நிற்கலாம் என்பதற்கான அனுமதி. அதை மீறினால் கிடைப்பது வழக்கமாக ஹோஸ்டிங் கட்டணத்தில் ஒரு பகுதி, இழந்த விற்பனைக்கு ஒன்றும் கிடைக்காது.

விபிஎஸ் (உங்களுக்கென்று தனியாக ஒதுக்கிய மெய்நிகர் சர்வர்) என்றால் நினைவகக் கணக்கு போட்டே வாங்க வேண்டும். வூகாமர்ஸின் ஒரு பிஎச்பி வேலையாளுக்கு 80 எம்பி என்று வையுங்கள். 2 ஜிபி சர்வரில் இயங்குதளத்துக்கும் வெப் சர்வருக்கும் 400 எம்பி, டேட்டாபேஸுக்கு 500 எம்பி போனால் மிச்சம் சுமார் 1,100 எம்பி. 12 வேலையாட்களுக்கு மேல் வைக்கக் கூடாது. 4 ஜிபி சர்வரில் டேட்டாபேஸுக்கு 1 ஜிபி கொடுத்துவிட்டு 25 வைக்கலாம். 2 ஜிபி சர்வரில் தாராளமாக 50 என்று எழுதி வைத்தால், கூட்டம் வரும்போது 4 ஜிபி கேட்கும்; லினக்ஸ் நினைவகத்தை மீட்க இருப்பதிலேயே பெரிய நிரலைக் கொல்லும்; அது பெரும்பாலும் மைஎஸ்கியூஎல். புது விபிஎஸ்ஸுக்கு மாறிய ஒரே வாரத்தில் டேட்டாபேஸ் பிழை வருவதற்கு இதுவே முதல் காரணம். 2 ஜிபி ஸ்வாப்பும் (நினைவகம் போதாதபோது உதவும் டிஸ்க் இடம்) வைத்துக்கொள்ளுங்கள். சர்வர் இந்தியாவில் இருக்கட்டும். மும்பை, பெங்களூரு, சென்னை மூன்றிலும் கிளவுட் சர்வர்கள் கிடைக்கின்றன. அமெரிக்காவில் உள்ள சர்வருக்கு ஒவ்வொரு போக்குவரத்துக்கும் கால் விநாடி அளவு போய்விடும், ஒரு பக்கம் திறக்க அப்படிப் பல முறை போய்வர வேண்டும்.

ஆனால் விபிஎஸ் வாங்குமுன் ஒன்றுக்குப் பதில் வேண்டும்: இரவு 11 மணிக்கு அது நின்றால் யார் பார்ப்பார்கள்? பாதுகாப்புத் திருத்தங்களை மாதாமாதம் யார் போடுவார்கள்? அந்த ஆளின் பெயர் உங்களிடம் இல்லை என்றால் நிறுவனமே பராமரிக்கும் மேனேஜ்டு வகையைத் தேர்ந்தெடுங்கள். விலை கூடுதலாகத்தான் இருக்கும், உங்கள் அளவிலான கடைக்கு அது தகும்.

இனி மாற்றும் வேலை. அஜாக்கிரதையாகச் செய்தால் ஆடித் தள்ளுபடி அன்று நடந்ததைவிடப் பெரிய சேதம் இதில் நேரும். செவ்வாய் அல்லது புதன் இரவு வைத்துக்கொள்ளுங்கள், வெள்ளிக்கிழமை வேண்டாம். தீபாவளிக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பாக முடித்துவிடுங்கள்.

இரண்டு நாள் முன்னதாக டிஎன்எஸ் பதிவின் டிடிஎல்லை, அதாவது அந்தப் பதிவைப் பிறர் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 விநாடியாகக் குறையுங்கள். சிபேனலில் இயல்பாக 14,400, அதாவது 4 மணி நேரம் இருக்கும். அப்படியே விட்டால் மாற்றிய பிறகும் 4 மணி நேரம் சிலர் பழைய சர்வருக்கே போவார்கள். கோப்புகளையும் டேட்டாபேஸையும் புது சர்வருக்கு நகலெடுங்கள். உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் டொமைனுக்கு நேராகப் புது ஐபியை எழுதினால், உலகம் பழைய தளத்தைப் பார்க்கும்போதே நீங்கள் மட்டும் புதியதைப் பார்க்கலாம். ஒரு பொருளைத் தேடி, கூடையில் போட்டு, 1 ரூபாய்ப் பொருள் ஒன்றை உருவாக்கி யுபிஐயில் உண்மையாகவே கட்டிப் பாருங்கள். பணம் போவதைப் பார்த்துவிடலாம்; ஆனால் பேமென்ட் கேட்வே திருப்பி அனுப்பும் தகவல் இப்போது பழைய சர்வருக்கே போகும் என்பதால், அந்தச் சோதனையை மாற்றிய பிறகு இன்னொருமுறை செய்ய வேண்டும்.

மாற்றும் இரவில் மிகவும் முக்கியமானது ஆர்டர்கள். முதல் நகல் எடுத்ததற்கும் டிஎன்எஸ் மாறுவதற்கும் இடையில் வரும் ஆர்டர் பழைய டேட்டாபேஸில் விழும், புதியதில் இருக்காது. வாடிக்கையாளர் பணம் கட்டியிருப்பார், உங்கள் கண்ணில் ஆர்டரே படாது. ஆகவே பழைய தளத்தில் பராமரிப்பு அறிவிப்பைப் போட்டு, ஆர்டர் வருவதை நிறுத்தி, அதன்பின் டேட்டாபேஸை மட்டும் கடைசியாக ஒருமுறை நகலெடுத்து, பிறகு டிஎன்எஸ்ஸை மாற்றுங்கள். அரை மணி நேரம் கடை மூடியிருக்கும், பரவாயில்லை. அறிவிப்பை எடுக்கவே வேண்டாம், பழைய தளம் அப்படியே மூடியிருக்கட்டும். மறுநாள் காலையில் கேட்வே கணக்கில் உள்ள தொகைகளையும் வூகாமர்ஸ் ஆர்டர்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரை மாற்றாமல், தளத்தின் ஐபி முகவரியைச் சொல்லும் ஏ பதிவை மட்டும் மாற்றுவதே பாதுகாப்பு. நேம்சர்வரை மாற்றினால் எம்எக்ஸ், எஸ்பிஎஃப், டிகிம் ஆகிய மின்னஞ்சல் பதிவுகள், கூகுள் சரிபார்ப்பு என்று பழைய பதிவுகள் அனைத்தையும் நீங்களே மறுபடி எழுத வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் கடையின் மின்னஞ்சல் நின்றுவிடும். கூடவே ஏஏஏஏ பதிவு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது புதிய வகை இணைய முகவரியான ஐபிவி6-க்கானது. ஏ பதிவை மாற்றிவிட்டு இதை மறந்தால், கடையின் பிராட்பேண்டில் புதுத் தளம் தெரியும், ஜியோ செல்போனில் பழையது தெரியும், ஏனென்றால் ஜியோ பெரிதும் ஐபிவி6-இல் ஓடுகிறது. காரணம் தெரியாமல் இரண்டு நாள் தேட வைக்கும் கோளாறு இது.

எஸ்எஸ்எல்லிலும் ஒரு முடிச்சு உண்டு. இலவசச் சான்றிதழ் பெறும் வழக்கமான முறையில், டொமைன் புது சர்வரைக் காட்டிய பிறகுதான் சான்றிதழ் கிடைக்கும். அதுவரை வருகிறவர்கள் எச்சரிக்கையைப் பார்ப்பார்கள். டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்பில் முன்கூட்டியே பெற்றுவிடலாம், அல்லது பழைய சான்றிதழையும் அதன் சாவியையும் தற்காலிகமாக நகலெடுத்து வைக்கலாம். மின்னஞ்சல் பெட்டிகள் பழைய ஹோஸ்டிங்கிலேயே இருந்தால், அந்தக் கணக்கை மூடுமுன் அவற்றைத் தனி மின்னஞ்சல் சேவைக்கு மாற்றுங்கள். விபிஎஸ்ஸிலிருந்து ஆர்டர் மின்னஞ்சல் நேராக அனுப்ப முயலாதீர்கள். பல கிளவுட் நிறுவனங்கள் மின்னஞ்சல் வெளியேறும் போர்ட் 25-ஐ அடைத்தே வைத்திருக்கின்றன. திறந்திருந்தாலும் ஸ்பேமில் விழும். மின்னஞ்சல் அனுப்பித்தரும் எஸ்எம்டிபி சேவை ஒன்றின் வழியாக அனுப்புங்கள். பழைய ஹோஸ்டிங்கை ஒரு மாதம் வைத்திருங்கள்.

பேக்கப் வேறு நிறுவனத்தின் சர்வரில், வேறு ஊரில் இருக்க வேண்டும். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று எரிந்து முழுதும் அழிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள். டேட்டாபேஸ் தினமும், கோப்புகள் வாரம் ஒருமுறை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு சோதனைத் தளத்தை எழுப்பிப் பாருங்கள்.

கண்காணிப்புக்கு அப்டைம்ரோபாட் போன்ற சேவை ஒன்று போதும். முகப்பு திறக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், ஒரு பொருள் பக்கத்தில் 'கூடையில் சேர்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்கும்படி வையுங்கள். பிழைச் செய்தியைச் சில பிளகின்கள் 200 என்ற நல்ல எண்ணோடு அனுப்பிவிடும், அப்போது சொல் இருக்கிறதா என்று தேடும் சோதனைதான் பிடிக்கும். டொமைன், சான்றிதழ் காலாவதி நாட்களையும் அதிலேயே சேருங்கள். எச்சரிக்கை செல்போனுக்கு வரட்டும். கடை டொமைனிலுள்ள மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொன்னால், டொமைன் நின்ற அன்று எச்சரிக்கையும் வராது. ரிஜிஸ்ட்ரார் கணக்கின் மின்னஞ்சலுக்கும் இதே விதி.

தீபாவளி விற்பனை தொடங்குமுன் செயற்கையாகக் கூட்டம் உண்டாக்கும் லோடு டெஸ்ட் ஒன்று ஓட்டுங்கள்: ஒரே நேரத்தில் 50 பேர், 10 நிமிடம், சேமித்த பக்கங்களில் இல்லாமல் கூடையிலும் செக்அவுட்டிலும். பணம் கட்டும் படிக்கு முன் நிறுத்திவிடலாம். அன்றைக்கு வாட்ஸப் செய்தியை 3,000 பேருக்கும் ஒரேயடியாக அனுப்பாமல், 15 நிமிடத்துக்கு 500 பேராக அனுப்புங்கள். ஒன்றே கால் மணி நேரத்தில் ஆறு தொகுதியும் போய்விடும், ஒரு பைசா செலவில்லை. ஆடித் தள்ளுபடி அன்று இதை மட்டும் செய்திருந்தாலேகூட விநாடிக்கு 10 என்று வந்த அழைப்புகள் 2 அளவுக்கு இறங்கியிருக்கும்.